தட்டு, தொட்டி, தயிர்ச்சட்டி: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு சந்தை சந்தையாக அலையும் கதையை எழுதியிருந்தேன். அதற்குச் சேலம் பக்கமிருந்தே ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பாதிக் கடிதங்கள் "டாக்டர் அம்மாவுக்கு" என்று தொடங்குகின்றன. நான் டாக்டரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. ஒரு கல்லூரியின் நுண்ணுயிரியல் துறையில் 29 வருடம் ஆய்வக உதவியாளராக இருந்தவள். மாணவர்கள் வருவதற்கு முன்னால், பாக்டீரியா வளர்க்கும் மூடித் தட்டுகளில் கூழ் ஊற்றி வைப்பதும், அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் குக்கரில் வேகவைத்துக் கழுவிக் கவிழ்ப்பதும்தான் என் உத்தியோகம். ஓய்வு பெற்றதும் ஒரு பழைய மைக்ரோஸ்கோப், ஒரு மடக்கு மேஜை, ஒரு பிளாஸ்டிக் கூடையோடு கிளம்பிவிட்டேன். இனி கேள்விகள்.

"எங்கள் பள்ளி ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் மலைக் கிராமத்தில் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை 46 பிள்ளைகள். மைக்ரோஸ்கோப் கிடையாது. கரண்ட் வந்தால் வரும். 500 ரூபாய்க்குள் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்கிற மாதிரி நுண்ணுயிர்ப் பாடம் நடத்த முடியுமா?" — ஓர் ஆசிரியை

டீச்சர், மைக்ரோஸ்கோப் இல்லாதது ஒரு வகையில் நல்லதுதான். ஒன்றே ஒன்று இருந்தால் 46 பேரும் வரிசையில் நின்று, ஆளுக்கு அரை நிமிடம் குனிந்துவிட்டு, "தெரிஞ்சுது மிஸ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதில் பாதிப் பேர் பார்த்தது தங்கள் சொந்த இமை மயிரை. எத்தனையோ வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள் சொல்கிறேன்.

முதல் பாடத்துக்குச் செலவே இல்லை. ஊரில் அவரையோ தட்டைப்பயறோ பூத்திருக்கும்போது, ஒரு செடியைப் பிடுங்காமல் மண்ணோடு தோண்டி எடுங்கள். வாளித் தண்ணீரில் ஆட்டினால் மண் கரைந்து வேர் வெளியே வரும். வேரின் பக்கவாட்டில் மிளகு அளவு, கடுகு அளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். அதைப் பிள்ளைகளே நகத்தால் கிள்ளி எடுத்து இரண்டாக நறுக்கட்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே ரைசோபியம் என்னும் பாக்டீரியா வேலையில் இருக்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக மாற்றிக்கொடுக்கிறது. அந்தச் சிவப்பு, நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினின் ஒன்றுவிட்ட உறவு. "செடிக்கும் ரத்தமா?" என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். ஒரு எச்சரிக்கை: வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக, கிள்ளினால் கழன்று வராமல் இருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழு செய்த வேலை. அதைக் காட்டி ரைசோபியம் என்று சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளையின் அப்பா மறுநாள் வந்து உங்களைத் திருத்துவார்.

இரண்டாவது, நீலப் பால். வளர்ப்பு மீன் கடையில் மெத்திலீன் புளூ என்று ஒரு மருந்து சின்னப் பாட்டிலில் கிடைக்கும். வெந்நீரில் போட்டெடுத்த மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் ஒரே அளவு பால் ஊற்றுங்கள். ஒன்றில் இப்போது காய்ச்சி ஆறவைத்தது, ஒன்றில் காலையில் கறந்த பச்சைப் பால், ஒன்றில் ராத்திரி முழுக்க வெளியே இருந்த பச்சைப் பால். மருந்தைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, மூன்றிலும் பால் வெளிர்நீலமாகும் வரை ஒரே அளவு விடுங்கள். மூடி, கை பொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் நிறுத்திவிட்டு, குலுக்காமல் கடிகாரத்தைப் பாருங்கள். பாக்டீரியா பெருகப் பெருகப் பாலிலுள்ள ஆக்சிஜன் தீரும், ஆக்சிஜன் தீரத்தீர நீலம் வெளுக்கும். பால் பண்ணைகளில் பச்சைப் பாலைத் தரம் பிரித்த முறைதான் இது. 5 மணி நேரம் தாண்டியும் நீலம் நின்றால் மிக நல்ல பால், அரை மணியிலேயே வெளுத்தால் மோசம் என்பது கணக்கு. வெளுத்த பாட்டிலை ஒரு பிள்ளையிடம் கொடுத்து ஒரே ஒரு தடவை குலுக்கச் சொல்லுங்கள். காற்று கலந்து நீலம் திரும்ப வரும். அந்த இடத்தில் வகுப்பு போடும் சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும், தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முடிந்ததும் பாலைக் கொட்டிவிட வேண்டும், பூனைக்குக்கூட வைக்கக் கூடாது. இன்னொன்று: "அவரவர் வீட்டுப் பாலைக் கொண்டுவாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏன் என்பது அடுத்தடுத்த பதிலில் இருக்கிறது.

மூன்றாவது உங்கள் ஊருக்கென்றே அமைந்தது. அடுத்த முறை சேலத்துக்கு இறங்கும்போது, யார் வீட்டிலாவது அப்போதுதான் ஆட்டிய இட்லி மாவை வாங்கி, ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் பாதி பாதி ஊற்றுங்கள். மாவு நிற்கும் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு. ஒரு பாட்டில் சேலத்திலேயே இருக்கட்டும். இன்னொன்று உங்கள் மடியில், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்கு வரட்டும். நான் ஒரு மார்கழியில் இதைச் செய்தேன். சேலத்து மாவு விடிவதற்குள் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்துவிட்டது. மேலே கொண்டுபோனது மறுநாள் மத்தியானம்தான் ரப்பர் பேண்டைத் தாண்டி இரண்டு விரற்கடை வந்தது. அரிசி, உளுந்து, உப்பு, ஆட்டிய கை எல்லாம் ஒன்றுதான், குளிர் மட்டும்தான் வேறு. மாவைப் பொங்க வைப்பதில் பெரும்பங்கு லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியாவுக்கு. அது உளுந்தோடேயே வருகிறது, எத்தனை தண்ணீரில் கழுவினாலும் முழுசாகப் போவதில்லை. பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. நுழைய வேண்டிய அவசியமும் இல்லை. மணிக்கு ஒரு தரம் மட்டத்தை நோட்டில் குறித்தால் போதும்.

"மளிகைக் கடையில் விற்கும் கடல்பாசியும் ஆய்வகத்து அகாரும் ஒன்றா?" — ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

ஒன்றுதான், சுத்தத்தில்தான் வித்தியாசம். பாக்டீரியா வளரத் தட்டில் ஊற்றும் கூழ் அதில் செய்வதுதான். 1881 வாக்கில் ஜெர்மனியில் நுண்ணுயிர் விஞ்ஞானி ராபர்ட் கோக்கின் ஆட்கள் ஜெலட்டினில்தான் பாக்டீரியா வளர்த்தார்கள். வெயில் வந்தால் அது உருகிவிடும், போதாததற்குச் சில பாக்டீரியாக்கள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். நம்மூர்ச் சித்திரையில் ஜெலட்டின் தட்டு ஊற்றியிருந்தால் கதையே வேண்டாம். அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, வீட்டில் பழ ஜெல்லிக்கு அகார் போடுகிறவர். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டாரிடம் கற்றுக்கொண்டது. "இதைப் போட்டுப் பாருங்களேன்" என்று சொன்னது அவர்தான். ஒருமுறை கெட்டியானால் 85 டிகிரி வரை உருகாது. 1882-ல் காசநோய்க் கிருமியைப் பற்றி கோக் எழுதியபோது அகாரைக் குறிப்பிட்டார், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. தட்டு ஊற்றும் ஆளின் பெயர் கட்டுரையில் வராது என்பது அப்போதே தொடங்கிவிட்டது போலிருக்கிறது. (எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம்தான்.)

"என் மகன் பள்ளியில் 'யார் கையில் எத்தனை கிருமி' என்று சோதனை செய்தார்கள். ஆளுக்கு ஒரு தட்டில் கையை வைக்கச் சொல்லி, மூன்று நாள் கழித்துப் புள்ளிகளை எண்ணினார்கள். இவன் தட்டில்தான் அதிகம். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே 'கிருமி'. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்களாம். அந்தத் தட்டையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்." — ஒரு தாய், அம்மாப்பேட்டை

முதலில் தட்டு. திறக்காதீர்கள். சுற்றி டேப் ஒட்டி, பையில் போட்டுக் கட்டி, பள்ளிக்கே திருப்பிக் கொடுங்கள். குக்கரில் வேகவைத்துத்தான் எறிய வேண்டும், அது அவர்கள் செய்ய வேண்டிய வேலை. வளர்த்த தட்டை எந்தப் பிள்ளையின் பையிலும் வைத்து அனுப்பக் கூடாது.

அப்புறம் பையன். அவன் கை அழுக்கு என்று அந்தத் தட்டு சொல்லவில்லை. ஒவ்வொரு புள்ளியும் அங்கே விழுந்த ஒன்றிரண்டு பாக்டீரியா பெருகிப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஆனது. கையை அழுத்தி வைத்தால் அதிகம் வரும், பட்டும் படாமலும் வைத்தால் குறையும். கையில் இருப்பதில் பல, அந்தத் தட்டில் வளரவே வளராது. வளர்வதில் பெரும்பாலானவை தோலிலேயே குடியிருக்கும் சாதுவானவை. வேடிக்கை என்னவென்றால், கை கழுவி உடனே வைத்தால் சில சமயம் புள்ளி கூடுதலாகவே வரும். தோலின் மடிப்புகளில் இருந்தவை கழுவும்போது மேலே வந்துவிடுகின்றன. உங்கள் மகன்தான் வகுப்பிலேயே சொன்னபடி கழுவிவிட்டு, சொன்னபடி அழுத்தி வைத்த ஒரே பிள்ளையாகவும் இருக்கலாம்.

பள்ளியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இதே தப்பை நான் செய்திருக்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு ஊர்த் திருவிழாவில் கல்லூரி சார்பில் கடை போட்டோம். பக்கத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் நல்ல மனுஷர். எங்கள் ஐந்து பேருக்கும் காசு வாங்காமல் பஜ்ஜி கொடுத்தார். "அண்ணா, கை கொடுங்க" என்று கேட்டு ஒரு தட்டில் வைக்கச் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே மாவைத் துடைத்துவிட்டு வைத்தார். திருவிழா மூன்று நாள். மூன்றாம் நாள் தட்டை எடுத்துப் பார்த்தால் மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு என்று அத்தனை அழகு. ஆசையாக மேஜை முன்னால் வைத்து, "பலகாரக் கடைக்காரர் கை" என்று சீட்டும் எழுதி ஒட்டினேன். அன்று சாயங்காலம் அவர் கடையில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, வாங்க ஆள் இல்லை. ஒரு பையன் அவர் எதிரிலேயே மூக்கைப் பிடித்துக் காட்டிவிட்டு ஓடினான். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, மீந்த மாவை ஒரு தூக்கில் ஊற்றி மூடிக்கொண்டு போனார். கொதிக்கிற எண்ணெயில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று அந்தக் கூட்டத்துக்கு நான் சொல்லியிருக்கலாம். சீட்டைக் கிழித்துப் போட்டதோடு சரி. வாய் திறக்கவில்லை.

அதற்கப்புறம் எந்தத் தட்டிலும் நான் ஆள் பெயர் எழுதுவதில்லை. கதவுக் கைப்பிடி, பத்து ரூபாய் நோட்டு, என் செல்போன், என் சொந்தக் கை. எல்லாவற்றிலும் மோசமாக வருவது என் செல்போன், அதைத்தான் முன்னால் வைப்பேன். டீச்சருக்குப் பால் விஷயத்தில் சொன்னதும் இதனால்தான். வீட்டுப் பாலைக் கொண்டுவரச் சொன்னால், முதலில் வெளுக்கிற பாட்டில் யாரோ ஒரு பால்காரர் மகளுடையதாக இருக்கும்.

"காகித மைக்ரோஸ்கோப் வாங்கினேன். தயிரை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஏமாந்துவிட்டேனா?" — கல்லூரி மாணவர், ஆத்தூர்

ஏமாறவில்லை தம்பி, ஆளை மாற்றிக் கூப்பிட்டுவிட்டீர்கள். மீரட்டில் பிறந்து ஸ்டான்போர்டில் வேலை பார்க்கும் மனு பிரகாஷும் அவர் மாணவரும் செய்து 2014-ல் வெளியிட்ட மடக்குக் கருவிதானே? ஃபோல்ட்ஸ்கோப். அதில் 140 மடங்கு பெரிதாகத் தெரியும். தயிர் பாக்டீரியா ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலம்தான். அதைப் பார்க்க 1,000 மடங்கு வேண்டும், சாயமும் ஏற்ற வேண்டும். 140-க்கு ஏற்ற விருந்தாளிகள் ஏரியில் இருக்கிறார்கள்.

சேலம் பக்கம் வந்தால் கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக் கரையில் இறங்குங்கள். நடு ஏரித் தெளிந்த தண்ணீரை எடுக்காதீர்கள். கரையோரத்து நீர்ச்செடியின் வேரை ஒரு டம்ளரில் பிழியுங்கள், அந்தக் கலங்கல்தான் சரக்கு. ஒரு சொட்டு வைத்துப் பொறுமையாகத் தேடினால் வோர்டிசெல்லா கிடைக்கும். காம்பு முளைத்த கோயில் மணி மாதிரி ஒரு செல் உயிர் ஒன்று. மேஜையை லேசாகத் தட்டினால் காம்பு ஸ்பிரிங் போலச் சுருண்டு மணி கீழே இறங்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி நிமிரும். ஒரு சந்தையில் இதைப் பார்த்த தறிக்கார அம்மா ஒருவர், "அய்யோ, பயந்துக்குதுங்க" என்றார். அப்புறம் யாரையும் மேஜையைத் தட்ட விடவில்லை.

தறி என்றதும் ஒன்று. இந்த நுண்ணுயிர் உலகத்தை முதலில் பார்த்த லேவன்ஹூக், ஹாலந்தில் டெல்ஃப்ட் ஊரில் ஜவுளி வியாபாரி. நம் ஜவுளிக்காரர்கள் இழை எண்ணக் கண்ணாடி வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரிக் கண்ணாடியில் பழகிய கண். தானே தேய்த்த ஒற்றை லென்ஸில் 1674-ல் ஏரித் தண்ணீரையும், 1683-ல் தன் பல் அழுக்கையும் பார்த்து எழுதினார். லத்தீன் தெரியாது, டச்சு மொழியிலேயே லண்டன் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்குக் கடிதம் போட்டார். தறிகள் நிறைந்த அம்மாப்பேட்டையில் இதைச் சொன்னால் கூட்டத்துக்கு முகமே மாறிவிடும். நம்ம தொழில்காரர்!

"ஜனவரியில் உங்கள் ஆட்கள் எங்கள் எஸ்டேட்டுக்கு வந்து, காபித் தொட்டியில் பாக்டீரியா இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னீர்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து கையால் தேய்த்தே பதம் சொல்கிறோம். இதில் நீங்கள் சொல்லித்தர என்ன இருக்கிறது?" — எஸ்டேட் மேஸ்திரி, ஏற்காடு

ஐயா, கோபம் நியாயமானது. அன்று வந்த ஆட்களில் நானும் ஒருத்தி. முதல் பத்து நிமிடம் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அப்போது உங்கள் தொட்டியில் வேலை பார்க்கும் பாட்டி ஒருவர், "அட்டைய வச்சுட்டு இங்க வா கண்ணு" என்று என் கையைப் பிடித்து இழுத்துத் தொட்டிக்குள் விட்டார். முந்தைய நாள் பல்பரில் தோல் உரித்த கொட்டை. வழவழவென்று, வெண்டைக்காயைப் பிசைந்த மாதிரி, பிடித்தால் நழுவியது. பக்கத்துத் தொட்டி அதைவிட ஒரு நாள் பழையது. அதில் ஒரு கை எடுத்துக் கழுவித் தேய்த்தால் சரசரவென்று ஆற்றுக் கூழாங்கல் மாதிரிச் சத்தம். "இது ஆச்சு. அதுக்கு இன்னும் பொழுது இருக்கு" என்றார்.

அந்த வழவழப்பு பெக்டின். அதைத் தின்று கரைப்பது தொட்டியில் தானாக வந்து சேரும் பாக்டீரியாவும் ஈஸ்டும். அராபிகா வகைக் காபிக்கு 24 முதல் 36 மணி நேரம் என்று புத்தகம் சொல்லும். பாட்டியின் கை மணிக்கணக்கு சொல்லாது, பதத்தைச் சொல்லும். பதம் தாண்டவிட்டால் கொட்டை நாறிவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததா. என் கூடையில் புளிப்பு பார்க்கும் பி.எச். காகிதம் இருந்தது. பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள்: காகிதமா, பாட்டியா. புதுத் தொட்டியில் காகிதம் புளிப்பு குறைவு என்றது, பழையதில் நாலரை பக்கம் காட்டியது, அதாவது நல்ல புளிப்பு. பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு கண்ணு வெல?" என்று கேட்டார். சொன்னேன். "கை சும்மாதான இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பதம் சொல்லித்தர எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆனால் அன்று ஒரு பையன், "குளிர் ராத்திரியில மட்டும் ஏன் லேட்டாகுது?" என்று கேட்டான். பாட்டிக்கு லேட்டாகும் என்று தெரியும், ஏன் என்று அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. குளிரில் பாக்டீரியா மெதுவாகத்தான் தின்னும் என்று நான் சொன்னதும், "அதுகளுக்கும் கம்பளி கேக்குதாக்கும்" என்றார். அந்த ஒரு வரிக்காக மறுபடி வருவேன். அட்டை கொண்டுவர மாட்டேன்.

"99.9 சதவீதம் கிருமியைக் கொல்லும் என்று விளம்பரம் செய்கிறார்களே, மீதி 0.1 போதாதா நம்மைக் கவிழ்க்க?" — ஒரு வாசகர், ஓமலூர்

கணக்கு சரிதான். 10 லட்சம் இருந்தால் 1,000 மிஞ்சும். அதற்காகப் பயப்பட வேண்டாம், சாதா சோப்பும் தண்ணீரும் கையைத் தேய்க்கும் நேரமும்தான் முக்கியம். நம்பாவிட்டால் இதைச் செய்யுங்கள்: தேங்காயெண்ணெயில் ஒரு சிட்டிகை மஞ்சள் குழைத்துக் கையில் பூசி, வழக்கம்போல் கழுவுங்கள். இருட்டறையில், கள்ள நோட்டு பார்க்கும் யு.வி. டார்ச்சை அடியுங்கள். கட்டைவிரல் அடியும் நக இடுக்கும் பச்சை மஞ்சளாக மினுங்கும். மினுங்குவது மஞ்சள்தான், கிருமி இல்லை. எந்த இடத்தை நாம் கழுவ மறக்கிறோம் என்பதை மட்டும் அது காட்டும். சந்தையில் இதை முதலில் என் கையில்தான் காட்டுவேன். 29 வருடம் ஆய்வகத்தில் கை கழுவியவளுக்கு இடது கட்டைவிரல் இன்னும் மினுங்குகிறது.

"தயிருக்கு உறை மோர் வேண்டும். உறை மோருக்குத் தயிர் வேண்டும். அப்படியென்றால் முதல் தயிர் எங்கிருந்து வந்தது?" — ஆறாம் வகுப்பு மாணவி, வாழப்பாடி

கண்ணு, இந்தக் கட்டிலேயே நல்ல கேள்வி உன்னுடையதுதான். உங்கள் பாட்டியைக் கேள், உறை மோர் தீர்ந்துபோன அன்றைக்கு என்ன செய்வார் என்று. பல வீட்டில் காம்போடு இரண்டு மிளகாயை வெதுவெதுப்பான பாலில் போட்டு மூடிவைப்பார்கள். பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா செடி கொடியின் மேலும், காம்பின் மேலும் சும்மாவே இருக்கிறது. பாலுக்குள் விழுந்தால் அதற்கு விருந்து.

நீயே பார்த்துவிடு. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாலைக் காய்ச்சி வெதுவெதுவென்று ஆறவை. மூன்று கிண்ணம். ஒன்றில் காம்போடு மிளகாய், ஒன்றில் காம்பு கிள்ளிய மிளகாய், ஒன்றில் எதுவும் போடாதே. மூன்றையும் மூடி ஒரே இடத்தில் வை. முதல் சுற்றில் வருவது நூல்நூலாக, குழகுழவென்று இருக்கும், வாயில் வைக்காதே. அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த பாலில் விடு, அதிலிருந்து அடுத்ததில். எத்தனாவது சட்டியில் கத்தியால் வெட்டுகிற மாதிரிக் கெட்டியாக வந்தது, காம்பில்லாத கிண்ணம் என்ன ஆனது என்று தேதி போட்டு நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்து எனக்கு அனுப்பு. எனக்கு மூன்றாவது சட்டி ஆனது. உனக்கு எத்தனை என்று தெரிய வேண்டும்.